ஆர் இல்லை?

அக்காவின் குரலைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மயிலிட்டிக் கரையில் நின்று கூப்பிட்டால் கடலில் வலை இழுக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். எஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். எதிர்க்காற்றிலும் கேட்கும். ஆள் கட்டை. என் தோளுக்கு வரமாட்டார். அந்த உடம்பில் அந்தக் குரல் எங்கே இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்தக் குரலில் அவர் அதிகம் கேட்டது ஒரே கேள்வி.

"ஆர் இல்லை?"

பூசை தொடங்க முதல் கோயில் வாசலில் நின்று கேட்பார். கலியாண வீட்டில் கேட்பார். வள்ளங்கள் கரைக்கு வரும்போது கேட்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிறவர் அவர்தான். பங்குச் சுவாமி அவரிடம் ஒரு இடாப்பைக் கொடுத்திருந்தார். பெயர் கூப்பிட்டு வந்த பிள்ளைகளுக்கு அடையாளம் போட வேண்டும். அக்கா அதைத் திறக்கவே இல்லை.

"வந்தவன் வந்திட்டான். அவனை எண்ணி என்ன செய்யிறது? வராதவன் எங்கை எண்டு பாக்க வேணும்," என்பார்.

சொல்லி முடிக்கும்போது பாதி ஒழுங்கை போயிருப்பார். படிப்பிக்க வந்தவர் வராதவனைத் தேடிப் போய்விடுவார். வந்த பிள்ளைகள் கோயில் முற்றத்தில் கிளித்தட்டு விளையாடும்.

அக்காவின் பெயரை நான் இதில் எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஊரில் எல்லாருக்கும் அவர் அக்கா. பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மீன் விற்கிறவர். கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவார். வலது கால் செருப்பின் வார் எப்போதும் அறுந்திருக்கும். அதில் ஒரு ஊசி குத்தியிருக்கும்.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. வேறு என்ன சொல்வது. முதல் ஆக்கள் பைத்தியம்.

சின்ன வயதில் அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு கன்னியர் மடத்துக் குசினியில் வேலை செய்தவர். அங்கே வயதான சிஸ்டர் ஒருவர் வெங்காயம் உரித்தபடி கதை சொல்லுவாராம். இயேசு போன பிறகு முதன்முதல் அவரை நம்பியவர்களின் கதை. கோயில் கட்டாத காலம். அரசாங்கம் தேடித் தேடிப் பிடித்த காலம். அந்தக் காலத்து ஆட்களை அக்கா "முதல் ஆக்கள்" என்பார். பக்கத்து ஒழுங்கையில் குடியிருக்கிறவர்களைப் போலச் சொல்லுவார்.

"சாயத்துணி விக்கிற மனிசி ஒருத்தி இருந்தவ. தன்ரை வீட்டுக் கதவைத் திறந்து விட்டவ. அந்த வீடுதான் கோயில்! தெரியுமே? விறாந்தையிலை பூசை!"

"எந்த ஊர் அக்கா? குருநகர்ப் பக்கமோ?" என்று ஒருவன் கேட்பான். தெரிந்துகொண்டுதான் கேட்பான்.

"குருநகரில்லை மடையா, ஏழு கடலுக்கு அங்காலை. இன்னொண்டு கேள். எசமானும் அடிமையும் ஒரு பந்தியிலை இருந்தவை. காலமை காலைக் கழுவி விட்டவனுக்குப் பின்னேரம் எசமான் அப்பம் பிச்சுக் குடுக்கிறான். அந்த எசமான்ரை கை எப்பிடி நடுங்கியிருக்கும்! நினைச்சுப் பார்!"

சொல்லும்போது கை சும்மா இராது. ஒருநாள் விளைமீன் ஒன்றைப் பிடித்தபடி இந்தக் கதையைச் சொன்னார். எசமானின் கை நடுங்கிய இடத்தில் மீன் பறந்தது. ஒரு வாத்தியாரின் வெள்ளை வேட்டியில் போய் விழுந்தது. வாத்தியார் ஏசினார். அக்கா வேட்டியைப் பார்க்கவே இல்லை.

"கேளுங்கோ மாஸ்ரர், இனித்தான் விசயமே இருக்கு," என்றார்.

வாத்தியார் நின்று முழுக்கதையும் கேட்டார். மீனையும் வாங்கிக்கொண்டு போனார்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் நாங்கள் மயிலிட்டியை விட்டு ஓடினோம். கடலில் இருந்து ஷெல் அடி, வானத்தில் இருந்து குண்டு. வள்ளம் கரையில் கிடந்தது. வலை காய்ந்தபடி கிடந்தது. உடுத்த உடுப்போடு உரும்பிராய்க்கு வந்து சேர்ந்தோம். பதினான்கு குடும்பம். சிவப்பு மண். கடல் மணம் இல்லை. தோட்டம் செய்கிற கமக்காரர் ஒருவர் தன் புகையிலைக் கொட்டிலைத் திறந்துவிட்டார்.

பெண்கள் அழுதார்கள். வீடு போனதைவிடக் கோயில் போனதற்குத்தான் அதிகம் அழுதார்கள். அக்கா கொட்டிலின் நடுவில் நின்று மேலே பார்த்தார். கூரையில் பழைய புகையிலைக் காம்புகள் தொங்கின. பார்க்கப் பார்க்க அவர் முகம் விரிந்துகொண்டு வந்தது.

"ஐயோ, இதுதான்!" என்று கத்தினார். "இதுதான் அவை இருந்த இடம்! கோயில் இல்லை, கோபுரம் இல்லை, ஆரோ ஒருத்தற்றை கொட்டில்! நாங்கள் இப்ப முதல் ஆக்கள்!"

"அக்காவுக்கு விசர் தட்டிப்போட்டுது," என்றான் ஒருவன்.

எனக்கும் பைத்தியம் என்றுதான் தோன்றியது. ஆனால் அழுதவர்கள் அழுகையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

கொட்டில் தந்தவரை நாங்கள் ஐயா என்றோம். சைவர். மனைவி இறந்துவிட்டார். இரண்டு மகன்களும் வெளிநாட்டில். வேலிக்கு அங்கால் பெரிய வீட்டில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டார். நல்ல மனிதர். ஆனால் கிணற்றைத் தொட எங்களை விடவில்லை. கடற்கரை ஆட்கள் அந்த ஊர்க் கிணறுகளில் அள்ளுகிற வழக்கம் இல்லை.

"நான் அள்ளி ஊத்துறன். நீங்கள் ஏந்துங்கோ," என்றார்.

அக்கா சண்டை பிடிக்கவில்லை. "நல்லது ஐயா," என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "எல்லாரும் குளியுங்கோ. வடிவாக் குளியுங்கோ. உடுப்பும் தோயுங்கோ," என்றார்.

பதினான்கு குடும்பமும் வாளியோடு வரிசையில் நின்றது. ஐயா அள்ளினார். கப்பி காலையிலிருந்து பின்னேரம் வரை கிறீச்சிட்டது. மூன்றாம் நாள் அவருக்கு இடுப்பு நிமிரவில்லை. கயிற்றை அக்காவின் கையில் கொடுத்தார்.

"இந்தா பிள்ளை. இனி உங்கடை பாடு," என்றுவிட்டுப் போய்ப் படுத்தார்.

அதன் பிறகு கிணறு பொது. அக்கா ஐயாவின் இடுப்புக்கு நல்லெண்ணெய் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அடுத்தது கிடாரம். நிவாரண அரிசி ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகக் கிடைத்தது. பதினான்கு அடுப்பு மூட்ட விறகில்லை. ஐயாவின் வீட்டுப் பின்பக்கத்தில் கலியாணங்களுக்குச் சமைக்கிற கிடாரம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அக்கா கேட்டார். ஐயா கொடுத்தார். திருப்பித் தர வேண்டாம் என்றார். ஏன் என்று எங்களுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அவர் அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார்.

எல்லார் அரிசியும் அதில் போனது. சட்டம் ஒன்றுதான். கடைசி ஆள் வந்து இருந்த பிறகுதான் முதல் ஆள் சோற்றில் கை வைக்க வேண்டும்.

முதல் நாள் மத்தியானம் பந்தி இருந்தது. அக்கா அகப்பையோடு நின்றார். வரிசையைப் பார்த்தார்.

"ஆர் இல்லை?"

நான் இல்லை. நான் கிணற்றடியில் வாழைக்குக் கீழே குந்தியிருந்தேன். பந்தியில் என் அண்ணை இருந்தார்.

அண்ணைக்கும் எனக்கும் நாலு வருசமாகப் பேச்சில்லை.

எண்பத்தாறில் என் மனைவி செத்தாள். மூன்று நாள் காய்ச்சல். எங்கள் ஊரில் ஒரு வழக்கம். சாவு விழுந்தால் அன்றைக்கு ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. செத்தவர் யாராக இருந்தாலும் சரி. பகையாக இருந்தாலும் சரி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சவக்காலைக்குப் போகும்போது நான் கடலைப் பார்த்தேன். வெறும் கடல். அதில் ஒரேயொரு வள்ளம் நின்றது. நீலக் கோடு போட்ட வள்ளம். என் அண்ணையுடையது.

என் மனைவியைக் குளிப்பாட்டியது அக்கா. எங்களுக்கு அவர் சொந்தமில்லை. வந்து சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீர் கேட்டார். "கொள்ளைநோய் காலத்திலை சனம் பயந்து தெருவிலை போட்டிட்டுப் போன பிணங்களை முதல் ஆக்கள் தூக்கினவை. சொந்தமோ எண்டு கேக்கேல்லை," என்றார். அன்றைக்கு மட்டும் குரல் சின்னதாக இருந்தது. குழியடியில் நின்று வழக்கம்போலச் சுற்றிப் பார்த்தார். "ஆர்..." என்று தொடங்கினார். கடலைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

அதனால்தான் நான் வாழைக்குக் கீழே இருந்தேன்.

"அவன் தமையனோடை ஒரு பந்தியிலை இரானாம் அக்கா. நீங்கள் போடுங்கோ," என்று யாரோ சொன்னார்கள்.

அக்கா பிள்ளைகளுக்குப் போட்டார். பிறகு கிடாரத்தை மூடினார். பக்கத்தில் குந்தினார். அகப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் எல்லாரும் பொறுத்தார்கள். பிறகு என்னை ஏசத் தொடங்கினார்கள்.

"டேய், உன்ரை கோவத்துக்கு எங்கடை குடல் ஏன்ரா காயுது?"

"அவனுக்கென்ன. பச்சைத் தண்ணியிலை ஒரு கிழமை கிடப்பான். ஊமைக் கோட்டான்."

"அக்கா, நாங்கள் நாலு பேர் போய்த் தூக்கிக்கொண்டு வந்து இருத்துவமே?"

"தொடக் கூடாது," என்றார் அக்கா. "தானா வர வேணும். முதல் ஆக்கள் ஒருத்தரையும் தூக்கிக்கொண்டு வந்து இருத்தேல்லை."

"அவைக்குப் பசிக்கிறேல்லையோ?"

"பசிச்சதுதான்! நல்லாப் பசிச்சது!" அக்கா சந்தோசமாகச் சொன்னார். "இப்ப உங்களுக்குப் பசிக்குதே, அதே பசிதான்!"

ஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, சோறு வடிச்சு எவ்வளவு நேரம்? ஏன் ஒருத்தரும் சாப்பிடேல்லை?"

"ஒராள் இன்னும் வரேல்லை ஐயா."

"எங்கை போட்டார்?"

"உந்தா, வாழைக்குக் கீழை இருக்கிறார்."

ஐயா என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "உங்கள் எல்லாருக்கும் விசர்," என்றார். ஆனால் உள்ளே போகவில்லை. வேலியைப் பிடித்தபடி நின்றார்.

வெயில் சாய்ந்தது. அண்ணை எழும்பினார்.

"நான் வெளியிலை போறன் அக்கா. அவன் வந்து சாப்பிடட்டும்."

"இருடா அதிலை!"

அக்காவின் சத்தத்தில் கப்பியில் இருந்த காகம் பறந்தது. வேலியில் ஐயா ஒரு அடி பின்னால் போனார்.

"நீ எழும்பினா நீ இல்லை. அவன் வந்தாலும் ஒராள் குறைவுதான். உன்னை மாத்தி அவனை எடுத்து நான் என்ன செய்யிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு வருசத்தில் முதல் சிரிப்பு. காட்டவில்லை. எழும்பிப் போய்ப் பந்தியின் கடைசியில் இருந்தேன். அண்ணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன்.

"உது என்ன இருப்பு?" என்று யாரோ கேட்டார்கள்.

"முதுகெண்டாலும் பந்தியிலைதானே இருக்குது!" அக்கா துள்ளி எழும்பினார். "எடு மூடியை!"

சோறு ஆறிக் கட்டியாகிப் போயிருந்தது. ஒரு பருக்கை மிஞ்சவில்லை. அக்கா கடைசியாக நின்றபடி கிடாரத்தின் அடியைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டார். எப்போதும் அப்படித்தான் சாப்பிடுவார்.

அடுத்த நாளிலிருந்து நான் நேரத்துக்குப் போய் இருந்தேன். முதுகைத் திருப்பியபடி. யாரும் பசியில் இருக்கவில்லை. ஆனால் அண்ணையோடு ஒரு சொல் பேசவில்லை. பேசுவதில்லை என்று இருந்தேன். அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போடும்போது என் முகத்தை ஒருதரம் பார்ப்பார். பிறகு அண்ணையின் முகத்தை ஒருதரம் பார்ப்பார். அவ்வளவுதான். அது ஏச்சைவிடக் கஷ்டம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். கருவாட்டு விசயம்.

ஒருநாள் பந்திக்கு முதல் கொட்டிலின் பின்பக்கத்தில் கருவாடு சுடுகிற மணம் வந்தது. இரண்டு குடும்பம் ஒளித்துச் சுட்டுத் தின்றுகொண்டிருந்தது. எல்லாருக்கும் கோபம். அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் ஏசுவார் என்று பார்த்தார்கள். அக்கா சட்டியைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார். கையைத் தட்டினார்.

"அட, இதைத்தான் அவையும் செய்தவை!"

"ஆர் அக்கா?"

"முதல் ஆக்கள்! காசுக்காரர் முந்தி வந்து நல்லதெல்லாத்தையும் சாப்பிட்டிட்டினம். கூலி வேலை முடிச்சு வாறவன் வந்து பாக்கச் சட்டி வெறுஞ்சட்டி. அதுக்குப் பெரிய சண்டை! கடிதமெல்லாம் போய் ஏச்சு விழுந்தது! பாருங்கோவன், நாங்களும் அதையே செய்யிறம். நாங்கள் சரியான வழியிலைதான் போறம்!"

கருவாடு தின்றவர்களுக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. ஒரு மனிசி கருவாட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கிடாரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஆளுக்கு ஒரு நகமளவு கிடைத்தது. எங்கள் ஆட்களுக்கு முதல் ஆக்கள்மேல் ஒரு மதிப்பு வந்தது அன்றைக்குத்தான். அவர்களும் களவாகத் தின்றிருக்கிறார்கள்.

சில மாதங்களில் நாங்கள் ஐயாவின் காணியில் தனித்தனிக் கொட்டில் போட்டோம். அவரவர் அடுப்பு வந்தது. ஆண்கள் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் கிடாரம் ஏறும்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா அகப்பையோடு நின்று கேட்டார். "ஆர் இல்லை?"

எல்லாரும் இருந்தோம். அக்கா வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கால் ஐயாவின் குசினியில் புகை வந்தது. ஒரு ஆளுக்குச் சமைக்கிற புகை.

"அக்கா, வேண்டாம்," என்றார் அண்ணை. "அந்த மனிசன் எங்கடை சட்டியிலை சாப்பிடாது. ஊர் விடாது."

"முதல் ஆக்களும் இதிலைதான் மண்டையை உடைச்சவை. ஆர் என்ன சாப்பிடலாம், ஆரோடை சாப்பிடலாம். பிறகு ஒருத்தர் சொல்லிப்போட்டார், நான் இறைச்சி சாப்பிடுறது இன்னொருத்தனுக்கு இடைஞ்சலெண்டால் எனக்கு இறைச்சியே வேண்டாமெண்டு. முடிஞ்சுது! இனி வெள்ளிக்கிழமை கிடாரத்திலை மீன் இல்லை."

மீன்பிடிக்கிற பதினான்கு குடும்பத்திடம் இதைச் சொன்னார்.

"மீன் இல்லாமல் எப்பிடியக்கா சோறு இறங்கும்?"

"கையாலை எடுத்து வாயிலை வை. இறங்கும்."

அந்தக் கிழமை பூசணிக்காயும் பருப்பும். ஐயா வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. அக்கா ஒவ்வொரு கிழமையும் பந்தியை வேலிப் பக்கமாக நகர்த்திக்கொண்டே போனார். கடைசியில் பந்தியின் நுனி வேலியில் முட்டியது. அந்த இடத்தில் வேலியில் ஒரு பொட்டு இருந்தது. நாய் போய்வருகிற ஓட்டை.

ஒரு வெள்ளிக்கிழமை ஐயா தான் இருந்து சாப்பிடுகிற பலகையைக் கொண்டுவந்து வேலிக்கு அங்கால் போட்டு இருந்தார். பித்தளைத் தட்டம் ஒன்று பொட்டுக்குள்ளால் நீண்டது. அக்கா ஓடினார். பாதிச் சோறு வழியில் கொட்டிப்போனது.

"ஐயா பந்தியிலை இருக்கிறார்!" என்று கத்தினார்.

"பிள்ளை, மெல்லக் கதையும். றோட்டிலை போறவைக்குக் கேக்கும்," என்றார் ஐயா.

"அவர் அங்கை, நாங்கள் இஞ்சை," என்று நான் அக்காவிடம் பிறகு சொன்னேன். நான் சாதாரணமாக இப்படிச் சொல்கிறவன் இல்லை. ஐயா வேலிக்கு வெளியில்தானே இருக்கிறார் என்பது என் கருத்து.

"வேலி பந்திக்கு நடுவிலை வருது. அவ்வளவுதான்," என்றார் அக்கா. "நீயும் நடுவிலை ஒரு வேலியோடைதானே இருக்கிறாய்."

நான் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஷெல் உரும்பிராய்க்குக் கிட்ட வந்தது. எல்லாரையும் வெளிக்கிடச் சொன்னார்கள். மழை. குடாநாட்டின் பாதிச் சனம் ஒரே றோட்டில் நின்றது. நான் கிடாரத்தைச் சைக்கிள் கரியரில் கட்டினேன். ஐயா படலை வாசலில் நின்றார்.

"மாட்டை அவிட்டு விட்டிட்டுப் பின்னாலை வாறன். நீங்கள் நடவுங்கோ," என்றார்.

நாவற்குழிப் பாலத்தில் கால் வைக்க இடமில்லை. ஒரு அடி வைத்துவிட்டு ஒரு செபமாலை சொல்லலாம். அக்கா முன்னால் போனார். அவர் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் பின்னால் போனோம். பிரிந்தவர்களையெல்லாம் அந்தக் குரல் திரும்பக் கொண்டுவந்தது. எங்களில் ஒருவரும் தொலையவில்லை. மற்றவர்களும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு எங்களோடு வந்தார்கள்.

அடுத்த நாள் முற்பகல் கைதடிப் பக்கம் ஒரு பலா மரத்தின் கீழ் ஒதுங்கினோம். மழை விட்டிருந்தது. கிடாரத்தை இறக்கினோம். இருந்த அரிசியைப் போட்டுக் கஞ்சி காய்ச்சினோம். ஒரு மனிசி நெத்தலிக் கருவாட்டை எடுத்தார்.

"போடாதை," என்றார் அக்கா.

"இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை அக்கா."

"ஐயா வருவார்."

கஞ்சி கொதித்தது. கஞ்சி குடிக்கப் பலா இலைகளைக் கோலி ஈர்க்குக் குத்தினோம். எல்லாரும் இருந்தோம். நான் கடைசியில், வழக்கம்போல முதுகைத் திருப்பிக்கொண்டு. அக்கா அகப்பையோடு நின்றார்.

"ஆர் இல்லை?"

எல்லாரும் வந்த வழியைப் பார்த்தோம். எல்லாருக்கும் தெரியும்.

அக்கா பிள்ளைகளுக்கு ஊற்றினார். மூடினார். அகப்பையை வைத்தார். செருப்பின் ஊசியைச் சரிபார்த்தார். வந்த வழியாகத் திரும்பி நடந்தார்.

"அக்கா! எங்கை போறியள்? ஆமி வந்துகொண்டிருக்கு!"

"அப்ப கெதியாப் போக வேணும்."

அண்ணை எழும்பினார். "நீங்கள் நில்லுங்கோ. நான் போறன்," என்றார்.

அண்ணைக்கு அப்போது ஐம்பது. கூலி வேலையில் முழங்கால் பழுது. அந்தச் சனத்துக்குள் எதிராக நடந்து திரும்பி வர மாட்டார். எனக்கு அது தெரிந்தது. கடலில் தனியாக நின்ற அந்த வள்ளம் ஞாபகம் வந்தது. நான் எழும்பினேன். சைக்கிளை எடுத்தேன். அவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"ஏறண்ணை," என்றேன்.

ஒன்பது வருசத்துக்குப் பிறகு அந்த ஒரு சொல். அண்ணை ஏறினார். பின்னால் அக்காவின் சத்தம் கேட்டது. என்ன சொன்னார் என்று விளங்கவில்லை. சொல் இல்லை, சத்தம்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏறி ஓட வழி எங்கே. நூறு யார் போகவில்லை, இறங்கித் தள்ளத் தொடங்கினோம். ஒருவர் ஹான்டிலில், ஒருவர் கரியரில். எதிரே சனம் சனமாக வந்தது. "விசரங்களே, அங்காலை ஏன் போறியள்?" என்று ஏசினார்கள். பாலத்தைத் தாண்டின பிறகு அண்ணை பின்னாலிருந்து சொன்னார்.

"செத்தவீட்டண்டைக்குப் பயந்திட்டனடா. அவவை அப்பிடிப் பாக்க ஏலாமல் போச்சு. ஓடுறதுக்கு எனக்குக் கடலை விட்டா வேறை இடம் தெரியாது."

நான் கொஞ்சத் தூரம் தள்ளினேன்.

"பள்ளம் வருது. பிடி," என்றேன்.

அவர் பிடித்தார்.

செம்மணிக்குக் கிட்ட ஒரு மதகில் ஐயா இருந்தார். வேட்டி முழுக்கச் சேறு. கால் வீங்கிப்போயிருந்தது. மடியில் கிணற்றுக் கயிறும் வாளியும். வேறு ஒன்றும் கொண்டுவரவில்லை.

"ஐயா, அக்கா தேடுறா," என்றார் அண்ணை.

"என்னாலை ஏலாது தம்பி. நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ."

"நீங்கள் வராமல் அங்கை ஒருத்தரும் சாப்பிடாயினம்."

ஐயா என் முகத்தைப் பார்த்தார். அந்த வாழையடி அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ஓம். உந்த விசர் எனக்குத் தெரியும்," என்றார். கையை நீட்டினார்.

தூக்கிக் கரியரில் இருத்தினோம். இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டு தள்ளினோம். வாளி ஹான்டிலில் ஆடிக்கொண்டு வந்தது.

பின்னேரம் பலா மரத்தடிக்கு வந்தோம். ஒருவரும் சாப்பிட்டிருக்கவில்லை. மூடி அப்படியே இருந்தது. தூரத்தில் எங்களைக் கண்டதும் சனம் எழும்பிக் கத்தியது. அக்கா கத்தவில்லை. ஓடிவந்து வாளியை வாங்கினார்.

ஐயா எங்கே இருப்பதென்று பார்த்தார். வேலி இல்லை, பொட்டு இல்லை. பித்தளைத் தட்டமும் இல்லை. அண்ணை கொஞ்சம் நகர்ந்தார். நானும் நகர்ந்தேன். ஐயா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தார். பலா இலையை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டார். அப்போது நான் முதுகைக் காட்டாமல் பந்தியைப் பார்த்தபடிதான் இருந்தேன். எப்போது திரும்பினேன் என்று தெரியாது.

அக்கா அகப்பையை எடுத்தார். வரிசையை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை பார்த்தார். திரும்ப ஒருதரம் பார்த்தார்.

"ஆர் இல்லை?"

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்கா திகைத்துப்போய் நின்றார். முதுகும் வேலியும் இல்லாத பந்தியை அவர் ஒருநாளும் கண்டதில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அஞ்சு வருசம் அந்தப் பந்தியில் இருந்தும் விளங்காதது.

"நீங்கள்," என்றேன்.

"என்ன?"

"நீங்கள்தான் இல்லை அக்கா. நீங்கள் ஒருநாளும் இருக்கேல்லை."

நான் எழும்பிப் போய் அகப்பையைப் பிடித்தேன். அவர் விடவில்லை.

"அப்ப ஆர் ஊத்துறது?"

"நான்."

"உனக்கு ஊத்தத் தெரியுமே? நிலத்திலைதான் ஊத்துவாய்."

"பிள்ளை," என்றார் ஐயா, "இரும். எனக்குப் பசிக்குது."

பந்தி முழுக்கச் சிரித்தது. அண்ணை எழும்பித் தன் இடத்தைக் காட்டினார். அக்கா அகப்பையை விட்டார். சேலையைச் சுருட்டிக்கொண்டு ஐயாவுக்குப் பக்கத்தில் இருந்தார். இருக்கப் பழக்கமில்லாதவர்போல இருந்தார். முதல் இலையை அவருக்கு நீட்டினேன். கை நடுங்கியது. கொஞ்சம் நிலத்தில்தான் போனது.

எல்லார் கையிலும் இலை வந்த பிறகு அக்கா ஒரு வாய் குடித்தார். குடித்த வாயை மூடவில்லை. கஞ்சியோடு முதல் ஆக்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். சுடு கஞ்சி. கை இரண்டும் பறந்தது. ஐயாவின் வேட்டியில் கொட்டியது. ஒரு சொல்லும் விளங்கவில்லை.

நாங்கள் கேட்டுக்கொண்டு இருந்தோம்.